மேற்குச் சுவரில் இருந்த ஈரம்

நாகர்கோவில் பார்வதிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே மாடி எடுத்து வாடகைக்கு விட்டோம். முதலில் வந்தது ஒரு நர்ஸ் குடும்பம். ஒப்பந்தமெல்லாம் வாய்ப்பேச்சுதான். இரண்டு வருஷத்தில் ஒரு மாத வாடகைகூடத் தள்ளிப் போனதில்லை. காலி செய்த அன்று பார்த்தால், அலமாரி நின்ற மேற்குச் சுவரில் பெயின்ட் பொரிந்து கறுப்புப் படர்ந்திருந்தது. முன்பணத்தில் 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, நாங்க வரும்போதே அங்க ஈரந்தான்" என்றாள். நான் நம்பவில்லை.

புது பெயின்ட் அடித்துப் பூட்டி வைத்த வீட்டில், ஆனி மழைக்கு அதே இடம் மறுபடியும் ஊறியது. கொத்தனார் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்தைக் காட்டினார். விரல் நுனி நுழையும் விரிசல். நம் மாவட்டத்தில் ஆனி ஆடி மழை விட்டால் ஐப்பசி மழை, சுவர் காயவா நேரம்? மறுநாளே அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுப் பணத்தை அனுப்பினேன். "பரவாயில்ல அக்கா" என்றாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அடுத்த முறை எழுத்தில்லாமல் சாவி கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. "11 மாசம்தானே, பதிவு எதுக்கு?" என்று பலர் கேட்டார்கள். ஓராண்டுக்கு உட்பட்டால் கட்டாயமில்லை என்பது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்கு. இந்தச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. அதற்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். முன்பணமும் மூன்று மாத வாடகைதான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அதற்கு மேல் கேட்கக் கூடாது.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. குடியிருப்பவர் கெடுத்ததாக இல்லாவிட்டால், கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. அந்த 6,000 ரூபாய்க்கு எனக்கு உரிமையே இருந்ததில்லை.

விரிசலை அடைத்த பிறகு வந்தவர் பள்ளி ஆசிரியர். சாவி கொடுக்கும் முன் இருவரும் பகல் வெளிச்சத்தில் அறை அறையாகப் போட்டோ எடுத்தோம், மேற்குச் சுவரை முதலில். சமையலறை ஜன்னலில் கீறல் விட்ட கண்ணாடி ஒன்றை நான் கவனிக்கவே இல்லை; அவர்தான் காட்டினார். "இதையும் எழுதிருங்க அக்கா" என்றார். எழுதி, கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம்.