32-இல் நிற்கும் தண்டால்: நாட்குறிப்பு

2026 மார்ச் 2, திங்கள்

32. மறுபடியும் 32. ஜனவரி பாதியிலிருந்து இதே எண்.

இன்று கைபேசியைப் பக்கவாட்டில், தரையோடு தரையாக வைத்துப் பதிவு செய்தாயிற்று. 25 வரை நெஞ்சு தரையைத் தொடுகிறது. 26-இலிருந்து கடைசி நாலு விரல் உயரம் இறங்கவே இல்லை. தலை மட்டும் தொங்கி மூக்கு தரைக்குக் கிட்டே போவதால், முழுசாக இறங்கியதுபோல ஒரு நினைப்பு. 30-க்கு மேல் இடுப்பு முதலில் எழுகிறது, நெஞ்சு பின்னால் வருகிறது.

உண்மைக் கணக்கு 25. இனி இதுதான்.

மார்ச் 3

ஓய்வு.

மார்ச் 4, புதன்

ஏன் நின்றுபோனது? ஏழு வாரமாகத் தினமும் காலையில் ஒரே செட், முடியாமல் விழும் வரை. அது பயிற்சி அல்ல, தினமும் பரீட்சை எழுதுவது. கடைசி வரை களைத்த தசை தேற இரண்டு நாள் ஆகும். அதற்குள் அடுத்த பரீட்சை. போதாக்குறைக்கு ஒவ்வொரு நாளும் கடைசி ஏழு தண்டால் கோணலாக எடுத்து எடுத்து, உடம்பு அந்தக் கோணலையே கற்றுக்கொண்டுவிட்டது.

எந்த இடத்தில் கை நிற்கிறது என்று பார்ப்பதும் முக்கியம். தரையிலிருந்து கிளம்பவே முடியாவிட்டால் நெஞ்சும் முன்தோளும் போதவில்லை. பாதி ஏறியபின் முழங்கை நிமிரவில்லை என்றால் ட்ரைசெப்ஸ், அதாவது மேற்கையின் பின்பக்கத் தசை. இரண்டுக்கும் முன்னால் இடுப்பு தொங்கினால் வயிறு. பதிவில் தெரிவது முதலாவது. அந்தக் கடைசி நாலு விரல்.

மார்ச் 5

எடை பார்க்கும் எந்திரத்தில் கையை ஊன்றிப் பார்த்தது. உடம்பு 68 கிலோ. கை நிமிர்ந்து நிற்கையில் முள் 47-இல், கீழே நெஞ்சு இறங்கியதும் 51-க்குப் பக்கத்தில். கீழே போகப் போகச் சுமை கூடுகிறது. பாதியில் திரும்பினால் சுலபமாக இருப்பதற்கு இதுவும் காரணம். எந்திரம் கையை உயர்த்திவிடும் என்பதால் காலுக்கும் அதே உயரத்துக்குப் புத்தகம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடை குறைத்துக் காட்டும். முள் எந்திரமே வசதி. டிஜிட்டல் ஒரு எண்ணில் உறைந்து நின்றுவிடுகிறது.

கால் நாற்காலியில் (45 செ.மீ.): 49, 50. முழங்கால் ஊன்றினால் 36.

மார்ச் 8, ஞாயிறு

ஆறு நாள் ஒரு தண்டால்கூட இல்லை. கை பரபரக்கிறது. எண்ணிப் பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. கூடாது. ஏப்ரல் 12 வரை பரீட்சை இல்லை.

திட்டம். திங்கள் கனம், புதன் சிதறல், வெள்ளி நிதானம். செவ்வாயும் சனியும் இழுப்பு மட்டும்.

மார்ச் 9, திங்கள்

கனம். கால் நாற்காலியில், 4 செட், 8 வீதம், நடுவில் 3 நிமிடம். வந்தது 8, 8, 7, 6. மூன்று நிமிடம் நீளமாகத் தெரிந்தாலும் குறைக்கக் கூடாது. இன்று வேண்டியது பலம், மூச்சிரைப்பு அல்ல.

உள்ளங்கை தோளைவிட நாலு விரல் அகலம், நடுவிரல் நேர் முன்னால். முழங்கை உடம்போடு ஏறக்குறைய 45 பாகையில். இரண்டு பக்கமும் நேராக விரித்தால் கீழே போகும்போது தோள் மூட்டு நெரிபடும். ‘தோள் வலி வந்ததால் விட்டுவிட்டேன்’ என்பவர்களில் பலருக்கு வினை இந்த விரித்த முழங்கைதான்.

மார்ச் 11, புதன்

சிதறல். உண்மைக் கணக்கில் பாதி, அதாவது 12. காலை 6, 9, மதியம் 12, மாலை 4, இரவு 8. மொத்தம் 60. ஒன்றுகூடத் திணறவில்லை. திணறக் கூடாது என்பதே இதன் விதி. பன்னிரண்டாவது தண்டாலும் முதலாவது போலவே இருக்க வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

நிதானம். ஐந்து எண்ணி இறக்கம், தரைக்கு ஒரு விரல் மேலே இரண்டு எண்ணி நிறுத்தம், பிறகு வேகமாக ஏற்றம். 6 வீதம் 4 செட். மூச்சு தள்ளும்போது வெளியே. அடக்கிக்கொண்டால் நாலாவதிலேயே முகம் சூடேறி வேலை கெடுகிறது.

அந்த நாலு விரலில்தான் மொத்த நடுக்கமும்.

மார்ச் 14

இழுப்பு. கம்பியில் தொங்கி 4, 4, 3. தள்ளுவதை மட்டுமே செய்தால் தோள் முன்னால் கூனும். தள்ளுவது எவ்வளவோ அவ்வளவு இழுப்பும் வேண்டும்.

மார்ச் 18, புதன்

இடது மணிக்கட்டு. உள்ளங்கைக் குழியில் மொத்த எடையும் விழுவதுதான் காரணம். விரல்களை விரித்து, நுனிகளால் தரையைப் பிடிப்பது போல அழுத்தினால் பாதி குறைகிறது. மீதிக்கு இரண்டு செங்கல்லைப் படுக்கவைத்து, விளிம்பைப் பிடித்து, மணிக்கட்டு மடியாமல் எடுக்கலாம். ஆனால் செங்கல் உயரத்துக்கு நெஞ்சும் கூடுதலாக இறங்கும், முதல் நாள் எண்ணிக்கை குறையும். இன்று 12 அல்ல, 9.

மார்ச் 20

கை எடுக்கும் தண்டால். முழுசாகத் தரையில் படுத்து, இரண்டு கையையும் தரையைவிட்டு எடுத்து, மறுபடி ஊன்றி ஏறுவது. ஏமாற்ற வழியே இல்லை. அமெரிக்க ராணுவத் தேர்வில் 1980-இல் வந்த இரண்டு நிமிடத் தண்டாலின் இடத்தில் இப்போது இந்த வகைதான். 5 வீதம் 5 செட். படுத்த நிலையில் ஓய்ந்துவிடாமல், கையை எடுத்த கணமே ஊன்ற வேண்டும். வெள்ளிக்கு இதுவே இனி.

நம்மூர் சறுக்குத் தண்டாலை இந்தக் கணக்கோடு சேர்க்கக் கூடாது. அங்கே இடுப்பு மேலே போய் வளைந்து வருகிறது, வேலை தோளுக்கும் முதுகுக்கும் பிரிகிறது. அது தனிக் கலை. அதில் 50 எடுப்பவர் இதில் 30-இல் நிற்கலாம்.

மார்ச் 23, திங்கள்

முதுகுப் பையில் 5 கிலோ அரிசி. பை தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். இடுப்புக்கு நழுவினால் வயிறு தொங்கும். வார்களை இறுக்கி, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு துண்டால் கட்டியபின் நின்றது. தரையில், நாற்காலி இல்லாமல் 9, 8, 8, 7.

மார்ச் 25

12 இப்போது 14. ஐந்து வேளை.

மார்ச் 27, வெள்ளி

வலது முழங்கைக்குப் பின்னால் சுருக். தசையில் இல்லை, எலும்பை ஒட்டி. மேலே போய்க் கையை ‘டக்’கென்று பூட்டுவதால் வருவது. அடியோடு நிறுத்தாமல் அளவைப் பாதியாக்குவதே சரி. பூட்டாமல் மெதுவாக நிமிர்த்துவது, தொடங்கும்முன் சுவரில் ஊன்றி 20 தண்டால். சூடேறாத கையோடு முதல் செட்டுக்குப் போவது இனி இல்லை.

மார்ச் 28

சுருக் இருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

இல்லை. பையில் 5 கிலோ, 8 வீதம் 2 செட்டோடு நிறுத்தியாயிற்று. மூன்றாவதும் வந்திருக்கும். விட்டாயிற்று.

ஏப்ரல் 1

எடை 69. கவலை இல்லை என்று எழுதிவைக்க வேண்டும். ஒரு கிலோ கூடினால் கைக்கு 700 கிராம் கூடும், அவ்வளவுதான். சாப்பாட்டைக் குறைத்தால் தசை தேறாது. கிலோவுக்கு 1.6 கிராம் புரதம், நாளுக்கு 110 சொச்சம். இட்லி சட்னியில் அது வராது. நான்கு முட்டையில் 24 கிராம், நூறு கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் 19 போல. மீதிக்குப் பருப்பு, தயிர், மீன்.

ஏப்ரல் 6, திங்கள்

6 கிலோ. 9, 9, 8, 8. இதுதான் கடைசிக் கனம். புதன் 14 வீதம் இரண்டு வேளை, பிறகு எதுவும் இல்லை.

ஏப்ரல் 10

ஒன்றும் செய்யாமலிருப்பதுதான் கடினம்.

ஏப்ரல் 11, சனி

நாளைக்கு: காலை 7, வெயில் ஏறும்முன். சுவரில் 10, தரையில் 5, நாலு நிமிடம் சும்மா. நெஞ்சுக்குக் கீழே மடித்த துண்டு வேண்டாம், நெஞ்சு தரையையே தொட வேண்டும். முதல் 20 ஒரே சீராக, விநாடிக்கு ஒன்றைவிட வேகம் கூடாது. பிறகு கை நிமிர்ந்த நிலையில் இரண்டு மூச்சு, ஐந்து எடு, மறுபடி இரண்டு மூச்சு. கீழே ஒருபோதும் நிற்காதே. பக்கவாட்டில் கைபேசி.

ஏப்ரல் 12, ஞாயிறு

34.

பதிவை மூன்று முறை பார்த்தாயிற்று. 33 வரை நெஞ்சு தொடுகிறது. 34-இல் தொடவில்லை. ஆகவே 33.

ஏப்ரல் 14

இழுப்பு மட்டும். 5, 5, 4.