தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு காமெட் அஸே செய்ய நான் பட்ட பாடு

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்துகொண்டு பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்கிறவர்கள், அதிலும் மனித ரத்தத்தில் காமெட் அஸே போடலாம் என்று நினைக்கிறவர்கள், கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். செல்லின் டி.என்.ஏ.வை மின்புலத்தில் ஓட்டினால், உடைந்த பகுதி மைக்ராஸ்கோப்பில் வால்நட்சத்திரத்தின் வால் மாதிரி நீண்டு தெரியும்; வால் பெரிதானால் சேதமும் அதிகம். அதுதான் காமெட் அஸே. என் ஸ்லைடுகள் ஒரு வழியாக ஒழுங்காக வந்துவிட்டன. அந்த நிம்மதியும் இருக்கிறது, சில மேசைகளை நினைத்தால் வரும் எரிச்சலும் இன்னும் அடங்கவில்லை.

நாவல்பழத் தோலில் உள்ள ஆந்தோசயனின்கள் என்ற ஊதா நிறமிகள், உடைந்த டி.என்.ஏ.வை வெள்ளணுக்கள் சரிசெய்துகொள்ளும் வேகத்தை மாற்றுகின்றனவா என்பதுதான் என் தலைப்பு. வெளிநாட்டில் ப்ளூபெர்ரியை வைத்து இந்த மாதிரி நிறையச் செய்திருக்கிறார்கள். அதில் இருக்கிற டெல்ஃபினிடின், பெட்டுனிடின், மால்விடின் நிறமிகள் நம் நாவலிலும் உண்டு. ஆனி, ஆடியில் பென்னாகரம் சாலையோரத்தில் கூறு கட்டி விற்கிற பழத்தில் இருப்பதை ஏன் பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

“டி.பி.பி.எச். போட்டு 517 நானோமீட்டரில் ரீடிங் எடுத்து முடிச்சிடும்மா, எதுக்கு ரத்தமெல்லாம்” என்று துறையில் பலரும் சொன்னார்கள். டி.பி.பி.எச். என்பது ஊதா நிற வேதிப்பொருள்; பழச்சாறு பட்டு அது எவ்வளவு வெளிறுகிறது என்பதை வைத்து ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை அளப்பார்கள். சோதனைக் குழாயில் ஊதா நிறம் வெளிறியதால் உடம்புக்குள்ளும் அதே வேலை நடக்கும் என்று ஆகாது. அமெரிக்க வேளாண் துறை உணவுகளின் ஓராக் எண்களை, அதாவது சோதனைக் குழாயில் அளந்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை, அட்டவணையாகப் போட்டு வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் நிரூபிக்கப்படவில்லை என்று 2012இல் அதை எடுத்தே விட்டது. நல்லவேளை, என் கைடு என் பக்கம் நின்றார்.

முதலில் செடி அடையாளச் சான்று. ஆய்வுக் கட்டுரையில் ‘சைஜீஜியம் குமினி’ என்று நாவலின் அறிவியல் பெயரை நாமாக எழுதிக்கொண்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிற இந்திய தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையத்தில் கொடுத்து வாங்கினேன், சிக்கல் இல்லை. பழத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கோவைக்குக் கிளம்பிவிடாதீர்கள். இலையும் பூவும் காயும் உள்ள கிளையை அழுத்திக் காயவைத்து எடுத்துப் போக வேண்டும். நாவல் பூப்பது கோடையில், பழம் ஆனிக்கு மேல். பூவை விட்டால் அடுத்த வருடம்தான். அப்புறம், காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிக்காதீர்கள். அதற்கு வனத்துறை அனுமதி என்று தனியாக ஒரு படலம் ஆரம்பமாகும். நான் பட்டா நிலத்து மரமாகப் பார்த்து, சர்வே எண் போட்டு உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டேன். “நாலு பழத்துக்கு எதுக்கும்மா லெட்டரு?” என்று கேட்டுவிட்டு அந்தப் பெரியவர் கையெழுத்தும் போட்டு, ஒரு கூடை பழமும் கொடுத்து அனுப்பினார். மொத்த வேலையிலும் உடனே கிடைத்த கையெழுத்து அது ஒன்றுதான்.

பழம் வந்த அன்றே தோலை உரித்து, அமிலம் சேர்த்த மெத்தனாலில் ஊறப்போட்டுவிடுங்கள். ஆந்தோசயனின் அமிலத்தில்தான் நிலையாக இருக்கும். பி.எச். ஏற ஏற நிறம் மாறி, வெளிறி, கையை விட்டுப் போய்விடும். நாளை பார்க்கலாம் என்று கல்லூரி ஃப்ரிட்ஜை நம்பாதீர்கள். விடுமுறைக்கு மெயினை அணைத்துவிட்டுப் போகிற பழக்கம் எங்கள் கட்டடத்தில் உண்டு.

இனி எத்திக்ஸ் கமிட்டி, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு. ஐந்து மில்லி ரத்தம்தானே, நம் கல்லூரிக் கமிட்டியே போதும் என்று அலுவலகத்தில் அடித்துச் சொன்னார்கள். போதாது. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கும் கமிட்டி மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். எங்களுடையது பதிவாகவில்லை. பதிவுள்ள வேறொரு நிறுவனத்தின் கமிட்டியிடம் போகலாம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் அதற்கு இடம் தருகிறது. ஆனால் இரண்டு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தக் காகிதம் எங்கள் கல்லூரி மேசைகளில் ஊர்ந்து போய் வருவதற்குள் அந்த வருடத்து நாவல் சீசன் முடிந்தே போனது.

ஒரு வழியாக அந்த இன்னொரு நிறுவனத்தின் கமிட்டியில் கோப்பைக் கொடுத்தேன். வாங்குகிற இடத்தில் ஒருவர் இருந்தார். ஸ்பைரல் பைண்டிங் போடச் சொன்னார். போட்டுக்கொண்டு போனால், “யாரு மேடம் ஸ்பைரல் போடச் சொன்னது? மெம்பருங்க பக்கத்தை எப்படிப் பிரிச்சுப் பார்ப்பாங்க? டேக் போட்டுக் கொண்டாங்க” என்றார். சரி என்று டேக் போட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், நான் போய் விசாரித்த பிறகுதான் தமிழ் ஒப்புதல் படிவம் இல்லை என்று கோப்பு ஓரமாகக் கிடப்பது தெரிந்தது. தமிழ்ப் படிவம் மட்டும் இருந்தாலும் போதாது. மொழிபெயர்த்தவரின் சான்றும், அதை வேறொருவர் திரும்ப ஆங்கிலத்தில் எழுதிய பிரதியும் வேண்டும். நியாயமான விதிதான், குறை சொல்லவில்லை. முதல் நாளே சொல்வதற்கு என்ன? எங்கே கொடுத்தாலும் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டு, அதைக் கையில் வாங்கிக்கொண்டு நகருங்கள். இன்னொன்று, கோப்பைக் கொடுத்ததும் உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கூட்டம் ஒருமுறை கூடி, கலைந்தது. குறைந்தது ஐந்து பேர் வேண்டும், அதிலும் எல்லாரும் டாக்டர்களாக இருந்தால் செல்லாது. மருத்துவம் சாராத உறுப்பினர்கள் அன்று வரவில்லை. காலையிலிருந்து வராண்டாவில் நின்ற எங்களுக்கு மதியம்தான் சொன்னார்கள்.

அடுத்த கூட்டத்தில் ஒரு டாக்டர், “நாவல்பழம் சுகருக்குத்தானே, டி.என்.ஏ.வுக்கு என்ன சம்பந்தம்?” என்றார். இன்னொருவர், “உடைஞ்சது தானா எப்படிச் சேரும்?” என்றார். டி.என்.ஏ. தானாகவே சிதையக்கூடிய பொருள், செல் ஓயாமல் அதைப் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறது என்று காட்டியவர் தோமஸ் லிண்டால், அதற்காக மோட்ரிச், சஞ்சார் இருவரோடு சேர்த்து 2015இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள் என்று ஆரம்பித்தேன். நோபல் என்றதும் தலையாட்டிவிட்டார்கள். உருப்படியான கேள்வி வக்கீல் உறுப்பினரிடமிருந்து வந்தது. “இந்த டி.என்.ஏ.வை வெச்சு இவங்க யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா? மிச்ச ரத்தத்தை என்ன பண்ணுவீங்க?” என்றார். டி.என்.ஏ.வை வரிசைப்படுத்திப் படிப்பது கிடையாது, பெயருக்குப் பதில் குறியீட்டு எண்தான், மிச்சத்தை அழித்துவிடுவோம் என்று படிவத்திலேயே எழுதியிருந்ததைக் காட்டினேன். அந்த மூன்று வரியை மறக்காமல் எழுதுங்கள். அனுமதி கிடைத்தது.

ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது தனிக் கதை. புகைபிடிப்பவர், சமீபத்தில் எக்ஸ்ரே எடுத்தவர் எல்லாம் கழிந்துபோவார்கள். மிச்சம் இருக்கிற பிள்ளைகள் ஆடி வெள்ளி விரதம் என்பார்கள். பழமும் ஆடியில்தான் வரும்.

ரத்தம் எடுப்பது தருமபுரியில். மின்புலத்தில் ஓட்டும் கருவியும் ஒளிர்வு மைக்ராஸ்கோப்பும் சேலத்தில் ஒரு லேபில். நடுவில் தொப்பூர் கணவாய். ரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பாரின் மருந்து போட்ட குழாய்களைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்கோடு வைத்துப் பேருந்தில் ஏறினேன். மடியில் வைத்திருந்த பெட்டியைக் கூட்டத்தில் வாங்கி, உதவுவதாக நினைத்து, டிரைவர் பக்கத்தில் என்ஜின் பானட் மேல் வைத்துவிட்டார் கண்டக்டர். கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் வரிசையாக நின்றன. நின்ற இடத்தில் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. என்னால் பெட்டி வரை நகரவே முடியவில்லை. சேலம் போய் வெள்ளணுவைப் பிரித்து ஓட்டினால், டி.என்.ஏ.வை வேண்டுமென்றே உடைக்கக் கொடுக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடே படாத, ஒப்பிட வைத்திருந்த கன்ட்ரோல் செல்களுக்கும் வால் நீண்டு கிடந்தது. கன்ட்ரோலில் வால் இருந்தால் அன்றைய வேலை மொத்தமும் குப்பைதான்.

செல்லைக் கடுங்குளிரில் உறையவைத்து எடுத்துப் போ என்றார்கள். சேதத்தை மட்டும் அளக்கிறவர்களுக்கு அது சரிவரும். பழுதுபார்ப்பதைப் பார்க்க வேண்டுமானால் செல் உயிரோடு இருந்தாக வேண்டும். யோசித்துப் பார்த்ததில் வழி அந்த முறைக்குள்ளேயே இருந்தது. செல்லை அகரோஸ் ஜெல்லில் பதித்து, செல்லை உடைத்து டி.என்.ஏ.வை வெளிக்கொண்டுவரும் லைசிஸ் கரைசலில் இறக்கிவிட்டால் செல்லின் வேலை அதோடு முடிந்தது, இரவு முழுக்கக் குளிரில் அப்படியே இருக்கலாம். ஆகவே வெள்ளணுவைப் பிரிப்பது, பனிக்கட்டி மேல் ஐந்து நிமிடம் பெராக்சைடு கொடுப்பது, கழுவி 37 டிகிரியில் வைத்து 0, 15, 30, 60 நிமிடங்களில் எடுத்துப் பதிப்பது எல்லாவற்றையும் எங்கள் கல்லூரியிலேயே முடித்தேன். சென்ட்ரிஃப்யூஜும் வாட்டர் பாத்தும் ஃப்ரிட்ஜும் போதும். ஜன்னலுக்குக் கறுப்பு சார்ட் ஒட்டிவிடுங்கள், வெளிச்சமே டி.என்.ஏ.வை உடைக்கும். லைசிஸில் மிதக்கும் ஸ்லைடுகளோடு மறுநாள் விடியற்காலை வண்டியில் சேலம். பெட்டி என் மடியை விட்டு நகரவில்லை. ஓட்டும்போது கரண்ட் போனால் அந்த ஓட்டம் அவ்வளவுதான், யு.பி.எஸ். இருக்கிற லேபாகப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை, இரண்டும் ஆய்வுக் கட்டுரையைத் திருப்பி அனுப்ப வைக்கக்கூடியவை. சாற்றை பெராக்சைடுக்கு முன்னால் கொடுத்தால் அது உடையாமல் காத்ததா, உடைந்ததைச் சரிசெய்ய உதவியதா என்று பிரிக்க முடியாது. பழுதுபார்ப்பு என்று தலைப்பு வைத்தால், உடைத்துக் கழுவிய பிறகு கொடுங்கள். அடுத்தது, ஆந்தோசயனின் போன்ற பாலிஃபீனால்களை செல் வளர்ப்பு ஊடகத்தில் கலந்தால் அவையே ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து பெராக்சைடை உண்டாக்கும். காப்பாற்ற வந்ததே உடைக்கிறதோ என்று குழம்பிப்போவீர்கள். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்சைம் சேர்த்து ஒரு கன்ட்ரோல் கட்டாயம் வையுங்கள்.

என் முடிவுகளைப் பற்றி இப்போது பெரிதாகச் சொல்ல மாட்டேன். வால் குறைகிறது, எல்லாருக்கும் ஒரே மாதிரி குறையவில்லை. களாக்காயையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார் கைடு. அதற்குக் கமிட்டியில் திருத்த விண்ணப்பமும், ஆண்டறிக்கையும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அனுமதி காலாவதியாகும். இரண்டையும் டேக் போட்டு முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். அதே மேசை, அதே ஆள். “இவ்வளவு சீக்கிரம் எதுக்கு மேடம்?” என்றார். முத்திரை விழுகிற வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.