குதிரை ஏன் தலையை உதறுகிறது?

ஓசூர் மத்திகிரி பக்கம் குதிரையேற்றம் பழகுகிற மாமா பையன் புலம்பினான்: “கடிவாளத்தைப் பிடிச்சாலே தலையை உதறுது, நின்னுடுது. சரியான சண்டி.”

சண்டி என்று முத்திரை குத்துமுன் மூச்சைக் கவனிக்கலாமே! குதிரையால் வாய்வழி மூச்சுவிட முடியாது. மூக்குதான் ஒரே வழி. கழுத்தை மடக்கிப் பிடித்தால் தொண்டை இன்னும் குறுகும். திணறுகிற குதிரை வேறு எப்படித்தான் சொல்லும்?

குரல்வளை நரம்பு, பெரும்பாலும் இடப்பக்கம், பழுதானால் மூச்சிழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் வரும். மெல்லண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்கத்து மென்மையான பகுதி, இடம் மாறினால் மூச்சுவிடும்போது கரகரக்கும். சில குதிரைகளிடம் சத்தமே வராது, அதுதான் வம்பு.

நிற்கவைத்து எண்டோஸ்கோபி (மூக்குவழி கேமரா குழாய் விட்டுத் தொண்டையைப் பார்ப்பது) பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியலாம். சவாரியின்போதே பார்க்கும் கருவி இருக்கிறது. டாக்டரிடம் கேள் தம்பி. அப்புறம், பல்லையும் முதுகையும் சேர்த்தே பார்க்கச் சொல், அங்கே வலித்தாலும் தலையை உதறலாம்.