பொருந்திய இரத்தம்

இரத்தப் பையில் கட்டும் அட்டையில் ‘பொருந்துகிறது’ என்று ஊதா மையில் முத்திரை குத்துவது என் வேலை. குத்தும்போது கொஞ்சம் கர்வமும் உண்டு. கூடலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் இரத்த வங்கியில் பதினொரு வருடமாக ஆய்வக நுட்புநராக இருக்கிறேன். நோயாளிகளின் முகத்தை நான் பார்ப்பது அபூர்வம். என்னிடம் வந்து சேர்வதெல்லாம் சோதனைக் குழாயில் சில மில்லி இரத்தமும் ஒரு விண்ணப்பத் தாளும்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாத இரவு. தேவாலாப் பக்கம் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நடுவட்டம் சாலையில் மரம் விழுந்து ஊட்டிக்கு வண்டி போகவில்லை. பிரசவமான ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை என்று பிரசவ வார்டிலிருந்து ஆள் வந்தார். சிவப்பணு இரண்டு பை கொடுத்தேன். பிறகு இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை, உறைய வைத்தது, நான்கு பை கேட்டார்கள். 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அவற்றை உருக்கி அனுப்பிவிட்டுத் தேநீர் போட்டேன். ஆறுவதற்குள் தொலைபேசி அடித்தது. மூன்றாவது பை ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது, ஆக்சிஜன் அளவு சரிகிறது, காய்ச்சல் வேறு அடிக்கிறது, பையை நிறுத்திவிட்டோம் என்றார் சிஸ்டர்.

இரத்த வங்கியில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தால் அடிவயிறு கலங்கும். இரத்தப் பிரிவு மாற்றிக் கொடுத்துவிட்டேனா? முதலில் தோன்றுவது அதுதான். வேறு எதுவும் தோன்றாது. பதிவேட்டைப் பார்த்தேன், பை எண்ணைப் பார்த்தேன், குளிர்பெட்டியில் இருந்த பழைய மாதிரியை எடுத்து மீண்டும் பிரிவு பார்த்தேன். வார்டிலிருந்து புதிதாக எடுத்து அனுப்பிய இரத்தத்தைச் சுழற்றியில் வைத்தேன். அது சுற்றி நிற்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் மேலே தெளிந்து நிற்கும் நீர் சிவந்திருக்கும். குழாயைக் குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். நல்ல வைக்கோல் மஞ்சள். சிவப்பணுக்களின் மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் கூம்ஸ் பரிசோதனையும் எதிர்மறை. தவறு என்னுடையது அல்ல. மூச்சு விட்டேன். மாடியில் ஒருத்தி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது நான் நிம்மதியாக மூச்சு விட்டேன் என்பது மறுநாள்தான் உறைத்தது.

மேலே டாக்டர்களுக்கு வேறு குழப்பம். எங்கள் பகுதியில் நெஞ்சும் நுரையீரலும் படுத்தினால், சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயை நினைக்காமல் இருக்க முடியாது. இந்தியாவில் அந்த நோயின் தடம் முதன்முதலில் 1952-இல் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அதற்கான பரிசோதனை அந்தப் பெண்ணுக்கு முன்பே நடந்திருந்தது. இல்லை என்று வந்திருந்தது. அடுத்த சந்தேகம், திரவம் அதிகமாகி இதயம் திணறுகிறதோ என்பது. சிறுநீர் பிரியும் ஊசி ஒன்று போட்டார்கள். மூச்சு சீராகவில்லை, ஏற்கெனவே குறைந்திருந்த இரத்த அழுத்தம் இன்னும் இறங்கியது. அத்துடன் அந்த ஊசியை நிறுத்திவிட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இதயத்தின் மேல் பழி போட வழியில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெளுத்துப்போயிருந்தது.

“ட்ராலியாக (TRALI) இருக்கும்” என்றார் மயக்கவியல் டாக்டர். இரத்தம் ஏற்றிய ஆறு மணி நேரத்துக்குள் வரும் திடீர் நுரையீரல் பாதிப்பு. படிப்பில் ஒரு பத்தியாகக் கடந்துபோன சொல். 1983-இல் அமெரிக்காவில் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். அதே குழு 1985-இல் 36 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் நிமிர்ந்து பார்த்தது. இதை முறிக்கத் தனி மருந்து எதுவும் இல்லை. ஆக்சிஜன் கொடுத்து, தேவைப்பட்டால் இயந்திரத்தால் மூச்சுக்குத் துணை நின்று, நுரையீரல் தானே தேறும் வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் தேறுகிறார்கள், எல்லாரும் அல்ல. அந்தப் பெண் மூன்றாம் நாள் மதியம் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கஞ்சி குடித்தாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. பொருத்தம் பார்த்துத்தானே கொடுத்தேன்? தேநீர் இடைவேளையில் அந்த டாக்டரைப் பிடித்துக் கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் மலையில் வண்டி ஓட்டுகிறவருக்கே உரியது. நுரையீரலின் நுண்குழாய்கள் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவைவிடக் குறுகல். கொண்டை ஊசி வளைவில் நீள லாரி முன்னும் பின்னும் நகர்ந்து திரும்புவதுபோல அந்த அணு உடலை நெளித்துத்தான் ஒவ்வொரு வளைவையும் கடக்கிறது. நலமாக இருப்பவருக்கு அதில் சிக்கல் இல்லை. ஆனால் அறுவை, கிருமித்தொற்று, பெரும் இரத்தப்போக்கு என்று உடல் ஏற்கெனவே அடிபட்டிருந்தால் நியூட்ரோபில்கள் விறைத்துக்கொண்டு குழாய்ச் சுவரோடு ஒட்டி நிற்கும். அது முதல் அடி. அந்த நேரம் பார்த்து, ஏற்றுகிற பிளாஸ்மாவில் அந்த வெள்ளையணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்துவிட்டால், அது இரண்டாம் அடி. ஒட்டி நின்றவை வெடித்ததுபோல் நொதிகளையும் ஆக்சிஜன் நச்சுகளையும் கொட்டும். குழாயின் உட்சுவர் கிழிந்து, புரதம் கலந்த நீர் காற்றறைகளுக்குள் கசியும்.

பொதுவாக நோயாளியின் எதிர்ப்பு சக்தி வந்த இரத்தத்தைத் தாக்கும் என்றுதான் நாங்கள் பயப்படுவோம். இங்கே எல்லாம் தலைகீழ். வந்த இரத்தம் நோயாளியைத் தாக்குகிறது. என் பொருத்தப் பரிசோதனை கொடையாளரின் சிவப்பணுவை நோயாளியின் சீரத்தோடு சேர்த்துப் பார்ப்பது. வெள்ளையணுக்களின் மேல் இருக்கும் எச்.எல்.ஏ., எச்.என்.ஏ. அடையாளங்களை அது தொடுவதே இல்லை. பிளாஸ்மாவுக்கோ அந்தப் பரிசோதனைகூடக் கிடையாது. பிரிவு ஒத்தால் போதும். இத்தனை வருடம் நான் குத்திய முத்திரை எதற்குப் பொறுப்பேற்றது என்று அன்றுதான் யோசித்தேன். எதிர்ப்பொருளே அகப்படாத ட்ராலியும் உண்டு. சேமிப்பில் நாள் செல்லச் செல்லப் பையில் சேரும் கொழுப்புப் பொருள்கள் அங்கே இரண்டாம் அடியாகலாம் என்கிறார்கள். அது எங்கள் கதை இல்லை.

அந்த எதிர்ப்பொருள் ஆரோக்கியமான ஒருவர் உடம்பில் எப்படி வந்தது? கருவில் இருக்கும் பிள்ளை பாதி அப்பா. அப்பா வழி அடையாளங்களைத் தாயின் உடல் அந்நியமாகப் பார்த்து எதிர்ப்பொருள் செய்து வைத்துக்கொள்கிறது. பிரசவங்கள் கூடக் கூட அதற்கான வாய்ப்பும் கூடுகிறது. தாய்க்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பிளாஸ்மாவோடு அது சும்மா ஓடிக்கொண்டிருக்கும். இதை உணர்ந்துதான் பிரிட்டனில் 2003-இன் இறுதியிலிருந்து பிளாஸ்மாவைப் பெரும்பாலும் ஆண்களிடமிருந்தே எடுக்கத் தொடங்கினார்கள். ட்ராலி கணிசமாகக் குறைந்தது. இங்கே முகாமுக்குப் பத்துப் பேர் வந்தாலே பெரிய விஷயம். ஆண், பெண் என்று பார்த்து ஒதுக்குகிற வசதி எங்களுக்கு ஏது?

ஏறிய பைகளின் கொடையாளர்களைத் தேடினோம். ஐந்து பேரில் நான்கு பேர் பிள்ளை பெறாதவர்கள், அவர்களில் மூவர் ஆண்கள். ஐந்தாமவர் தேயிலை பறிக்கும் ஓர் அக்கா, நான்கு பிள்ளைகளின் தாய். மாதிரியைச் சமவெளியில் ஒரு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அக்காவின் எதிர்ப்பொருளும் அந்தப் பெண்ணின் எச்.எல்.ஏ. வகையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்று அறிக்கை வந்தது. பொருந்துகின்றன. அதே சொல்.

இனி இரத்தம் தர வேண்டாம் என்று சொல்ல நான்தான் போனேன். லைன் வீட்டு வாசலில் மழைக் காகிதத்தை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து சான்றிதழ்களை எடுத்து வந்து காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். பெண்களிடம் நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் எடுப்போம். ஒரு முகாமைக்கூட அவர் விட்டதில்லை. நான் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு தொண்டையில் நின்றது.

“உங்கள் இரத்தத்தில் குறை எதுவும் இல்லை அக்கா. நான்கு பிள்ளை பெற்ற உடம்பு இல்லையா, பிள்ளைகளுக்காக உண்டான ஒரு பொருள் அதில் இருக்கிறது. உங்களுக்கு அது ஒன்றும் செய்யாது. வேறு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது” என்றேன்.

“நான்கும் அப்பனைப்போல முரட்டுப் பிள்ளைகள். வயிற்றில் இருக்கும்போதே சண்டை போட்டிருக்கும்” என்று சிரித்தார். அத்தனை டாக்டர்கள் சொன்னதைவிட அது சரியான விளக்கமாகப்பட்டது. சிரிப்பு நின்றதும் சான்றிதழ்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். “யாருக்கோ ஆகாமல் போனதால்தானே வந்திருக்கிறாய்?”

யாருடைய இரத்தம் யாருக்குப் போனது என்று கொடையாளரிடம் சொல்லக் கூடாது. அது விதி. நான் பேசாமல் இருந்தேன்.

“பிழைத்ததா?”

தலையசைத்தேன். விதியில் தலையசைப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை.

“ஆணா, பெண்ணா?” என்றார். நோயாளியைக் கேட்கிறார் என்று நினைத்து, பெண் என்று சொல்ல வாயெடுத்தேன். பிரசவம் என்று நான் சொல்லவே இல்லையே என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “இல்லை, இங்கே இரத்தம் தேவைப்படுவது பெரும்பாலும் பிரசவத்துக்குத்தானே, அதனால் கேட்டேன். என்ன குழந்தை?”

எனக்குத் தெரியவில்லை. பை எண், பிரிவு, ஏற்றத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம் எல்லாம் மனப்பாடமாக இருந்தது. அதை மட்டும் நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.