வட்டி மானியத்தை மீட்டுக் கொடுத்த நாடாளுமன்றக் கேள்வி: ஒரு திருப்பூர் அனுபவம்

போன வாரம்தான் பணம் கணக்கில் ஏறியது. 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை எடுத்த பேக்கிங் கிரெடிட்டுக்கு (ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க வங்கி தரும் கடன்) எங்களுக்குச் சேர வேண்டிய 3 சதவீத வட்டி மானியம், கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து. பணம் வந்ததில் நிம்மதிதான். ஆனால் அதற்காக அலைந்த அலைச்சலை நினைத்தால் வயிறு இன்னும் எரிகிறது. கடைசியில் மக்களவையில் ஒரு கேள்வி போய், அதற்கு எழுத்தில் பதில் வந்த பிறகுதான் வங்கி அசைந்தது. அந்த வழியில் எங்கே மாட்டிக்கொள்வோம், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை அடுத்து போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ஏற்றுமதித் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சுருக்கமாக: 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வட்டி சமன்பாட்டுத் திட்டத்தைத்தான் நாங்கள் வட்டி மானியம் அல்லது சப்வென்ஷன் என்போம். பலமுறை நீட்டிக்கப்பட்டு 31.12.2024 அன்று முடிந்தது. விதிப்படி வங்கி எங்களிடம் முதலிலேயே வட்டியைக் குறைத்து வாங்க வேண்டும். குறைத்த தொகையை அப்புறம் ரிசர்வ் வங்கி வழியாக அரசிடம் கோரிப் பெற்றுக்கொள்ளும். எங்கள் கிளை கடைசி மூன்று மாதத்துக்கு முழு வட்டியையும் பிடித்துக்கொண்டு, “மேலிருந்து ஃபண்ட் வரட்டும், போட்டுவிடுகிறோம்” என்றது. 1 கோடி ரூபாய் கடன் லிமிட் வைத்திருக்கும் யூனிட்டுக்கு இது மூன்று மாதத்துக்கு 75,000 ரூபாய். சனிக்கிழமை சம்பளம் போடுகிற சின்ன யூனிட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேனேஜரைப் பார்த்தோம், மண்டல அலுவலகத்துக்கு எழுதினோம், இணையத்தில் புகார் போட்டோம். வங்கி சொன்ன அதே வரியைத் திருப்பி ஒட்டிப் புகாரை மூடிவிட்டார்கள்.

அப்போதுதான் எங்கள் ஆடிட்டர் சொன்னார்: “இது உங்க ஒருத்தர் பிரச்சினை இல்லைங்க. கொள்கையில இருக்கிற ஓட்டை. அரசாங்கத்தையே எழுத்துல பதில் சொல்ல வையுங்க.” தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கோப்பில் இருப்பது மட்டும்தான் வரும். நாடாளுமன்றத்தில் கேட்டால் அமைச்சர் பெயரில் பதில் வரும், அது அவையின் பதிவில் நிற்கும். இந்த வித்தியாசம் பின்னால் எங்களுக்கு அப்படியே பலித்தது.

முதல் எச்சரிக்கை இடைத்தரகர்களைப் பற்றி. நாங்கள் கேள்வி போட முயல்கிறோம் என்ற செய்தி பரவியதுமே ஒருவர் வந்தார். டில்லியில் ஆள் இருக்கிறது, நட்சத்திரக் கேள்வியாகவே (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் கேள்வி) போட்டுத் தருகிறோம் என்று ஒரு தொகை சொன்னார். தயவுசெய்து இந்தப் பக்கமே போகாதீர்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். பணம் கொடுத்தால் உங்கள் கோரிக்கையும் கெடும், நீங்களும் சிக்குவீர்கள். கேள்வி கேட்பதற்கு எம்.பி. ஒரு பைசா வாங்கத் தேவையில்லை, அது அவருடைய வேலை. உங்கள் தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. மாநிலங்களவை உறுப்பினர்கள் உட்பட யாரை வேண்டுமானாலும் அணுகலாம்.

நாங்கள் அணுகிய எம்.பி.யின் பெயர் வேண்டாம். அவர் நல்லபடியாகத்தான் கேட்டுக்கொண்டார். அவருடைய அலுவலகத்தில்தான் சிக்கல். மனுவை வாங்கி வைத்துக்கொண்ட உதவியாளர், “சார்கிட்ட சொல்லிட்டேங்க அண்ணா, போட்டுருவோம்” என்றே வாரக்கணக்கில் ஓட்டினார். மழைக்காலக் கூட்டத்தொடர் 2025 ஜூலை 21 அன்று தொடங்க இருந்தது. தொடங்குவதற்கு முந்தின வாரம் நேரில் போனால், மின்னஞ்சலையே அவர் திறக்கவில்லை. “கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, அவசரம் என்ன?” என்றார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பதில் வேண்டிய நாளுக்கு முழுதாக 15 நாள் முன்பே கேள்வி நோட்டீஸ் போயிருக்க வேண்டும் என்பது மக்களவை விதி. 21 நாளுக்கு முன்னால் கொடுக்கவும் முடியாது. ஆக, நடுவில் கிடைப்பது ஒரு சின்ன ஜன்னல்தான். அதிலும் ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த வாரம்தான். கூட்டத்தொடர் தொடங்கும்போது முதல் வாரங்களுக்கான கேள்விகள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். உதவியாளரின் மெத்தனத்தால் எங்களுக்கு முதல் வாய்ப்புகள் அங்கேயே போயின.

எனவே தேதிகளை நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள் எந்த அமைச்சகம், நோட்டீஸ் கொடுக்கக் கடைசித் தேதி எது என்ற அட்டவணையைக் கூட்டத்தொடருக்கு முன்பே வெளியிடுவார்கள். அதை அச்செடுத்து, உங்களுக்கு வேண்டிய நாளைப் பேனாவால் சுழித்து, எம்.பி. அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். எம்.பி. ஒரு நாளுக்கு 5 நோட்டீஸ்தான் கொடுக்க முடியும். ரயில் மேம்பாலம், தேசிய நெடுஞ்சாலை என்று ஊரே அவரிடம் வரிசையில் நிற்கிறது. எழுதி முடித்த, அப்படியே அனுப்பக்கூடிய கேள்வியாகக் கொண்டுபோனால்தான் அந்த ஐந்தில் ஓரிடம் கிடைக்கும்.

அடுத்து வாசகம். இதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் மனம் நொந்து எழுதிய வரைவு இரண்டு பக்கம் இருந்தது. சிறுதொழில் அழிகிறது, வங்கிகள் ஏமாற்றுகின்றன, அரசு கண்டுகொள்ளவில்லை, மின்கட்டணம் ஏறிவிட்டது என்று எல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் கேள்வியாக அது நிற்காது. மக்களவையில் ஒரு கேள்வி சாதாரணமாக 150 சொல்லைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், குற்றச்சாட்டு, கிண்டல் எதுவும் இருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தைக் கேட்க முடியாது. மத்திய அரசின் பொறுப்பில் இல்லாததும் அடிபட்டுப் போகும். மின்கட்டணம் மாநிலத்தோடு போகிறது, அதனால் அதை எடுக்க வேண்டியதாயிற்று. பெரியவருக்கு வருத்தம்தான், ஆனாலும் புரிந்துகொண்டார்.

ஆடிட்டரும் நானும் உட்கார்ந்து அதை நான்கு உட்பிரிவாக வெட்டினோம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயம். (அ) வட்டி மானியம் 31.12.2024க்குப் பிறகு நீட்டிக்கப்பட்டதா, இல்லை என்றால் காரணம் என்ன? (ஆ) அந்தத் தேதி வரையிலான மானியத்தை வங்கிகள் முன்கூட்டியே கொடுக்க வேண்டுமா, அரசிடமிருந்து பணம் வரும்வரை நிறுத்தி வைக்க விதியில் இடம் உண்டா? (இ) நிலுவையில் உள்ள தொகை எவ்வளவு? (ஈ) 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 2,250 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு அறிவித்த ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கம் எப்போது நடைமுறைக்கு வரும்? எல்லாவற்றுக்கும் உயிர் (ஆ)வில்தான் இருந்தது. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாதபடி ஒரு பிரிவையாவது வையுங்கள்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. திட்டம் வணிக அமைச்சகத்தினுடையது, வங்கிகள் நிதி அமைச்சகத்தின் கீழ். இரண்டையும் ஒரே கேள்வியில் கலந்தால், இது எங்கள் துறையல்ல என்று கேள்வி கைமாறிப் போகலாம். அதனால் திட்ட விதியைப் பற்றி ஒரு கேள்வி, வங்கி நடத்தையைப் பற்றி இன்னொன்று என்று தனித்தனியாகவே கொடுத்தோம். வங்கிக் கேள்வி குலுக்கலில் விழவில்லை. திட்டக் கேள்வி பிழைத்தது.

ஆமாம், எந்தக் கேள்வி பட்டியலில் ஏறும் என்பது குலுக்கல்தான். அது யார் கையிலும் இல்லை. எம்.பி. நட்சத்திரக் கேள்வியாக வர வேண்டும் என்று விரும்பினார். அவையில் எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம், டி.வி.யிலும் வரும். எங்களுக்கு வாய்த்தது நட்சத்திரமில்லாத கேள்வி, எழுத்தில் மட்டும் பதில். சங்கத்தில் சிலர் முகம் வாடினார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தொடர் போன போக்கைப் பாருங்கள்: பட்டியலிட்ட 419 நட்சத்திரக் கேள்விகளில் அவையில் வாய்மொழியாகப் பதில் கிடைத்தது 55க்குத்தான். தினமும் அமளி, தினமும் ஒத்திவைப்பு. நட்சத்திரமில்லாத கேள்விக்கு அமளியால் ஆபத்தில்லை. பதில் அவையில் வைக்கப்பட்டுவிடும். ஒரு நாளைக்கு அப்படி 230 கேள்விகள் வரை வரும். காகிதம்தான் வேண்டும் என்பவர்கள் இதற்கே ஆசைப்படலாம்.

நடுவில் ஒரு விபரீதம் நடக்க இருந்தது. கேள்வி ஏற்கப்பட்டது என்று தெரிந்ததும் சங்கத்தில் ஒருவர் அதன் வாசகத்தைப் பத்திரிகைக்கு அனுப்பத் தயாராகிவிட்டார். நல்ல வேளையாக ஆடிட்டர் தடுத்தார். பதில் சொல்லப்படும் நாள் வரை கேள்வி நோட்டீஸை யாரும் வெளியே விளம்பரப்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. எம்.பி.க்குத்தான் தர்மசங்கடம் வரும். வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்குக்கூட இது பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வந்த நாளில் நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ (sansad) இணையதளத்துக்கே நேராகப் போய் எம்.பி. பெயரைப் போட்டு எடுத்தோம். அமெரிக்கா 50 சதவீத வரி அறிவித்து ஊரே கலங்கியிருந்த நேரம் அது. பதிலைப் படித்ததும் முதலில் சலிப்புதான். ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று நான்கையும் ஒன்றாகக் கட்டி, திட்டத்தின் வரலாற்றை 2015இலிருந்து ஒப்பித்திருந்தார்கள். நிலுவைத் தொகையைப் பற்றி ஒரு எண்கூட இல்லை. புதிய இயக்கம் ‘பரிசீலனையில் உள்ளது’. ஆனால் நடுவில் ஒரே ஒரு வாக்கியம்: வங்கிகள் மானியத்தை ஏற்றுமதியாளருக்கு முன்கூட்டியே அளித்துவிட்டுப் பிறகு கோரிப் பெற வேண்டும். அந்த வாக்கியத்தைப் படித்தபோது ஆடிட்டர் மேசையைத் தட்டினார்.

அதை அச்செடுத்து, கேள்வி எண்ணும் தேதியும் தெளிவாகக் குறித்து, மண்டல அலுவலகத்துக்குப் புதிதாகக் கடிதம் கொடுத்தோம். அவையில் அரசு சொன்னதற்கு மாறாக எந்தச் சுற்றறிக்கையின்படி நிறுத்தி வைத்தீர்கள், எழுத்தில் சொல்லுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்று எழுதினோம். அதுவரை நாற்காலி காட்டாத அதே கிளையில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். யு.ஐ.என். (இந்த மானியத்துக்காக ஏற்றுமதியாளர் பதிந்து வாங்கும் எண்) நகல், உத்யம் சான்று (சிறுதொழில் பதிவுச் சான்று) எல்லாம் மறுபடி கேட்டார்கள். முன்பே கொடுத்த காகிதங்கள்தான். ஒப்புகைச் சீட்டு இருந்ததால் அவர்களால் மேலும் இழுக்க முடியவில்லை. கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

மழுப்பிய பகுதியையும் விட்டுவிடத் தேவையில்லை. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ போன்ற சொற்றொடர்களை அரசின் உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அப்படி எடுத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று தனிக் குழு உண்டு. பதிலைச் சுட்டிக்காட்டிக் குழுவுக்கு எழுதும்படி எம்.பி.யிடம் கேட்டிருக்கிறோம். இதற்கிடையே 2025 நவம்பர் 12 அன்று அமைச்சரவை, ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்துக்கு 2030-31 வரை 25,060 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் கொடுத்துவிட்டது.

கொள்கை முழுவதையுமே பேச விரும்புகிறவர்களுக்கு வணிகத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இருக்கிறது. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், அமைச்சர்கள் யாரும் கிடையாது. ஒரு பொருளை ஆய்வுக்கு எடுக்கும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுப்பார்கள். அவகாசம் குறைவு, ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் அனுப்ப வேண்டும். தமிழில் எழுதத் தெரிந்தவருக்கு இது பெரிய தடை, இதை மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அனுப்பிய மனு குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

இப்போது எங்கள் கவலை 2025 ஜனவரி முதல் மானியமே இல்லாமல் போன மாதங்களைப் பற்றியது. 2025 டிசம்பர் 1 அன்று தொடங்கிய குளிர்காலக் கூட்டத்தொடருக்கு அதைப் பற்றி ஒரு கேள்வி கொடுத்தோம், அந்த முறை தேதி தவறாமல். பதில் வரும் வரை வெளியிடக் கூடாது என்பதால் அதன் வாசகத்தை இங்கே போடவில்லை. இதே மாதிரி வங்கியில் மானியம் மாட்டிக்கொண்டிருக்கும் யூனிட்டுகள், எந்தக் காலாண்டு, எவ்வளவு தொகை, வங்கி சொன்ன காரணம் என்ன என்பதை எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். அடுத்த கேள்வியில் நிலுவைத் தொகையைத் தனியாகவே கேட்கப் போகிறோம்.