நகர்ந்தது ஸ்கோப், பழி ஸ்க்ரூ மேல்

ஏர் ரைஃபிள் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. அதில் முதல் ஆறு மாதம் நான் சுட்டதை விட ஸ்க்ரூ முடுக்கியதுதான் அதிகம். பெரிய ஆயுதமெல்லாம் இல்லை, குழலை மடக்கி லோடு செய்கிற சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கி, .177 பெல்லெட் (0.177 அங்குலச் சின்ன ஈயக் குண்டு). பொள்ளாச்சிப் பக்கம் மாமாவின் தென்னந்தோப்பில் ஒரு மண்மேட்டுக்கு முன்னால் காகிதம் ஒட்டி, 25 மீட்டரில், ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறும் வரைக்கும். அவ்வளவுதான் நம்ம வீரம்.

ஸ்கோப், அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கிக் குழாய், மாட்டும் ஆசை வந்ததும் ஆன்லைனில் தேடி, அதைத் துப்பாக்கி மேல் பிடித்துவைக்கும் ரிங்கில் படத்தில் கம்பீரமாக இருந்த ஒரு ஜோடியை ஆர்டர் போட்டேன். வந்தது. துப்பாக்கி மேல் வைத்தால் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட சின்னப் பையன் மாதிரி தொளதொளவென்று ஆடுகிறது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் பொடி எழுத்தில் 20 எம்எம் என்று இருக்கிறது. என் துப்பாக்கியில் இருப்பதோ 11 எம்எம். இப்படி இரண்டு ஜாதி ரெயில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, மேலே போவதற்கு முன் ரெயில் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. துப்பாக்கியின் மேல்பக்கத்தில் ஸ்கோப், ரெட் டாட், பீப் சைட் மாதிரி குறி பார்க்கும் சாமான்களைக் கவ்விப் பிடிக்க விட்டிருக்கும் நீளமான மேடுதான் ரெயில். ஏர் ரைஃபிளிலும் .22 (சின்னத் தோட்டா) ரைஃபிளிலும் பெரும்பாலும் இருப்பது டவ்டெயில். புறாவால். நம்ம ஊர் தச்சர்கள் மேசை டிராயரில் போடும் அதே புறாவால் மூட்டுதான், இங்கே இரும்பில். மேலே அகலம், கீழே குறுகல். பக்கவாட்டில் இரண்டு சரிவு, அந்தச் சரிவில் மவுண்டின் (ரிங்கும் அதன் அடிக்கட்டும் சேர்ந்தது) தாடை வந்து கவ்வும்.

இரண்டாவது முறை 11 எம்எம் என்று தெளிவாகப் போட்டிருந்த ஜோடியை வாங்கினேன். உட்கார்ந்தது. ஸ்கோப்பை வைத்து, ஜீரோ செய்து (குறி பார்க்கும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்து), முதல் பத்துக் குண்டு ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்ததும் மாமாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். அடுத்த இருபதில் குரூப் (குண்டுகள் விழும் கூட்டம்) விரிந்தது. அதற்கடுத்த இருபதில் குறி எங்கேயோ, குண்டு எங்கேயோ. மறுபடி ஜீரோ, மறுபடி விலகல். கண் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன், பெல்லெட் பிராண்டை மாற்றினேன், மூச்சுப் பயிற்சி கூடச் செய்தேன் (சிரிக்காதீர்கள்). கடைசியில் ஒருநாள் துடைக்கும்போதுதான் பார்த்தேன், ரெயிலின் கறுப்புப் பூச்சில் பளபளவென்று ஒரு கீறல், முன்னாலிருந்து பின்னால், நாலு மில்லிமீட்டர் நீளத்துக்கு. ஸ்கோப் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

நகர்கிறதா, இறுக்கு. வேறென்ன செய்வோம்? ஆலன் கீயில் ஒரு பைப்பைச் செருகி முடுக்கினேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். கீழே தாடை ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிட்டது. மேலே ரிங்கைக் கழற்றிப் பார்த்தால் ஸ்கோப் குழாயில் மோதிரம் அழுந்தின விரல் மாதிரி ஒரு பள்ளம். ஸ்கோப் குழாய் மெல்லிய அலுமினியம், அதை நெரித்தால் உள்ளே லென்ஸ் நகர்கிற பாதையும் நெரியும். அப்புறம் குமிழைத் திருப்பினாலும் குறி நகராது, நகர்ந்தாலும் ஒரே சீராக நகராது.

வழுக்கின ஸ்க்ரூவை எடுக்க, கோயம்புத்தூர் கணபதி பகுதியில் தெரிந்த லேத்து பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் வாழ்நாளில் ஒரு துப்பாக்கியைத் தொட்டதில்லை. ரெயிலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், வெர்னியர் அளவுகோலை எடுத்து மூன்று இடத்தில் வைத்தார், பிறகு கேட்டார்: "தம்பி, இது சுடறப்ப இழுக்குமுங்களா?"

"இழுக்கும்ங்ண்ணா. முன்னாலயும் பின்னாலயும்."

"அப்ப இதுல எதுங்க தடுக்குது?"

"ஸ்க்ரூ இருக்கே."

"ஸ்க்ரூ புடிக்கும் தம்பி, தடுக்காது. தடுக்கறதுக்கு ஒரு ஸ்டாப்பர் வேணுமுங்க."

ஆறு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த பதில் அதுதான். துப்பாக்கி உதைக்கும் திசை ரெயிலின் நீளவாக்கில். டவ்டெயிலில் அந்தத் திசையில் குறுக்கே எதுவும் கிடையாது, வழுவழுப்பான தண்டவாளம். தாடை எவ்வளவு இறுகினாலும் அங்கே வேலை செய்வது வெறும் உராய்வுதான். .22 ரைஃபிளுக்கு அது போதும், அதன் உதைப்பு அவ்வளவு சின்னது. ஒலிம்பிக்கில் வரும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் இதே 11 எம்எம் டவ்டெயிலில்தான் பின்பக்க டயாப்டர் சைட்டை (சின்னத் துளை வழியாகக் குறி பார்ப்பது) மாட்டுகிறார்கள். அழுத்தக் காற்றில் ஓடும் அந்தத் துப்பாக்கியில் உதைப்பே இல்லை என்று சொல்லலாம், அதனால் நகர ஒரு காரணமும் இல்லை. ஆனால் ஸ்பிரிங் துப்பாக்கி வேறு ரகம். விசையை அழுத்தியதும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அடுத்த நொடித்துகளில் பிஸ்டன் குழாயின் முனையில் போய் முட்டி நிற்கிறது, துப்பாக்கி முன்னால் வெட்டுகிறது. இந்த இரண்டாவது வெட்டுதான் ஸ்கோப் கொல்லி. துப்பாக்கி முன்னால் ஓட, ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும், அதாவது ரெயில் மேல் பின்னால் சறுக்கும். பெரிய வேட்டைத் துப்பாக்கியின் உதைப்பைத் தாங்குகிற விலை உயர்ந்த ஸ்கோப் கூட சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கியில் உடைந்துபோவதற்கும் இதுதான் காரணம். அது ஒரு பக்க உதைக்குப் பழகியது. இங்கே இரண்டு பக்கமும் அடி.

அண்ணன் அப்புறம் ரெயிலின் பின்பக்கம் விரலை வைத்து, "இது எதுக்குங்க?" என்றார். மூன்று சின்னக் குழிகள். துப்பாக்கி வாங்கிய நாளிலிருந்து இருக்கின்றன, ஏதோ தொழிற்சாலையில் பிடித்துவைக்கப் போட்ட துளை என்று நினைத்திருந்தேன். ஸ்டாப் பின்னுக்கான குழிகள் அவை. மவுண்டின் அடியில் ஒரு குட்டி ஆணி இறங்கி அந்தக் குழியில் உட்காரும். அதற்குப் பிறகு மவுண்ட் நகர வேண்டுமானால் அந்த ஆணியை வெட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். ஸ்க்ரூவுக்குப் பிடிக்கிற வேலை மட்டும்தான் மிச்சம்.

இன்னொன்று. வெர்னியர் காட்டியது 11 இல்லை, பதினொன்றரையைத் தாண்டியது. 11 எம்எம் என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரிதான். அந்தப் பெயரில் சந்தையில் ஒன்பதரையிலிருந்து பதின்மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் அகலம் உண்டு. .22 துப்பாக்கிகளில் வரும் முக்கால்வாசி டவ்டெயில் 3/8 அங்குலம், அதாவது ஒன்பதரை. சரிவின் கோணமும் சில கம்பெனிக்கு 45 டிகிரி, சிலதுக்கு 60. தாடையின் கோணமும் ரெயிலின் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் முழுப் பரப்பும் கவ்வாது, ஒரு விளிம்பு மட்டும் கடித்துக்கொண்டு நிற்கும். என் கீறல் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்ததற்குக் காரணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. யாரிடமாவது வெர்னியர் இருந்தால் வாங்கி அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள், பெட்டி மேல் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்.

எதுங்க தடுக்குது என்ற அந்தக் கேள்வியோடு மற்ற ரெயில்களைப் பார்த்தால் எல்லாம் சட்டென்று விளங்கிவிடுகிறது. என்னைத் தொளதொளக்க வைத்த 20 எம்எம் கூட. அந்த வகையில் மூத்தது வீவர் ரெயில். டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் ஸ்கோப் கம்பெனி நடத்திய வில்லியம் வீவர் என்பவருடைய பெயர். இதிலும் பக்கவாட்டில் சரிவு உண்டு, ஆனால் மேலே குறுக்கே வெட்டுகள் இருக்கும், மவுண்டின் அடியில் ஓடும் குறுக்குக் கம்பி அந்த வெட்டில் இறங்கும். பட்டறை அண்ணன் கேட்ட ஸ்டாப்பர் ரெயிலிலேயே வந்துவிட்டது. குறை என்னவென்றால் வெட்டுக்கும் வெட்டுக்கும் இடைவெளி ஆளாளுக்கு ஒரு கணக்கு. சில துப்பாக்கிகளில் மொத்தமே இரண்டு மூன்று வெட்டுதான், உங்கள் கண்ணுக்கு எந்தத் தூரம் வசதியோ அங்கே ஸ்கோப்பை வைக்க முடியாது.

அமெரிக்க ராணுவத்துக்கு இந்த ஆளாளுக்கு ஒரு கணக்கு சரிப்பட்டு வரவில்லை. இரவுப் பார்வைக் கருவி, லேசர், விளக்கு எல்லாம் எந்தத் துப்பாக்கியிலிருந்து கழற்றி எதில் மாட்டினாலும் உட்கார வேண்டும். நியூ ஜெர்சியில் இருக்கும் பிகாட்டினி ஆயுதச் சாலையில் அளவுகளை முடிவு செய்து 1995 பிப்ரவரியில் மில்-ஸ்டாண்டர்ட் 1913 என்ற ராணுவத் தரநிலையாக வெளியிட்டார்கள். இதுதான் பிகாட்டினி ரெயில். பார்க்க வீவர் மாதிரியேதான் இருக்கும். வெட்டு அகலம் 5.23 மில்லிமீட்டர், ஒரு வெட்டின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு 10.01, ஆழம் 3. இந்த ஒரே சீரான இடைவெளிதான் விஷயம். வீவரின் வெட்டு 4.57 மில்லிமீட்டர்தான். அதனால் வீவர் மவுண்ட் பிகாட்டினி ரெயிலில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும், பிகாட்டினி மவுண்டின் தடித்த கம்பி வீவர் வெட்டில் இறங்காது. இறங்காத கம்பியை ஸ்க்ரூ போட்டு இறக்கப் பார்த்தால் நான் செய்த அதே வேலைதான்.

உட்கார்ந்தாலும் அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளி சும்மா இருக்காது. பின்னால் உதைக்கும் துப்பாக்கியில் ஸ்கோப் முன்னால் போகப் பார்க்கும். அதனால் தாடையை இறுக்கும் முன் மவுண்டை முன்பக்கம் தள்ளி, கம்பி வெட்டின் முன்சுவரில் முட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பத்துக் குண்டு அந்த இடைவெளியை மூடுவதிலேயே போய்விடும்.

2009-ல் நேட்டோ இதையே மெட்ரிக் கணக்கில் திருத்தி ஸ்டானாக் 4694 என்ற தரநிலையாகக் கொண்டுவந்தது. மவுண்ட் சரிவில் தொங்காமல் ரெயிலின் தட்டையான மேல்பரப்பில் பதிந்து உட்கார வேண்டும் என்பதுதான் அதில் முக்கியமான மாற்றம். கழற்றி மாட்டினால் ஜீரோ அதே இடத்துக்குத் திரும்ப அது உதவுகிறது. பழைய சாமான்களும் அதில் உட்காரும்.

போன வருஷம் டெக்சாஸில் இருக்கும் கல்லூரி நண்பன் வீட்டுக்குப் போயிருந்தபோது அடுத்த தலைமுறையைக் கையில் பிடித்துப் பார்த்தேன். ஒரு காலத்தில் ஏஆர்-15 ரைஃபிளின் முன்கட்டை (குழலைச் சுற்றிக் கை பிடிக்கும் பகுதி) முழுக்க நாலு பக்கமும் பிகாட்டினி பல் வைத்து வந்தது. பிடித்தால் தேங்காய்த் துருவியைப் பிடித்த மாதிரி இருக்கும், அதை மூட ரப்பர் உறை வேறு, கனம் வேறு. இப்போது வழுவழுப்பான முன்கட்டையில் துளைகள் மட்டும் விட்டு, தேவையான இடத்தில் மட்டும் சாமானை மாட்டுகிறார்கள். அதில் இரண்டு கட்சி. 2012-ல் வல்டோர் கம்பெனி கொண்டுவந்த கீமாட், சாவித்துளை வடிவம். 2014-ல் மேக்புல் கம்பெனி கொண்டுவந்த எம்-லாக், நீள்வட்டத் துளை. அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காகக் கடற்படையின் கிரேன் ஆய்வுக்கூடம் இரண்டையும் கீழே போட்டும் கனம் தொங்கவிட்டும் சோதித்து 2017-ல் வெளியிட்ட முடிவில் எம்-லாக் முந்தியது. அதற்குப் பிறகு கீமாட் மெல்லக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

நண்பன் எம்-லாக்கில் பைபாட் (இரண்டு கால் தாங்கி) மாட்டிக் காட்டினான். உள்ளே போகும் டி வடிவ நட்டு, ஸ்க்ரூவைத் திருப்பும்போது தொண்ணூறு டிகிரி திரும்பித் துளைக்குக் குறுக்கே நின்றால்தான் பிடி. "மாட்டியாச்சுடா" என்றான். ரேஞ்சில் மேசை மேல் வைத்ததும் பைபாட் ஒரு பக்கம் தொங்கியது. கழற்றி முன்கட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம், இரண்டு நட்டில் ஒன்று திரும்பவே இல்லை, துளையோடு நேராகவே நின்றுகொண்டிருந்தது. அவனும் ஸ்க்ரூவைத்தான் திட்டினான். எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். அங்கே இன்னொன்றும் கவனித்தேன். ஸ்கோப் மவுண்டின் ஒரு கால் உடல்பகுதி ரெயிலிலும் இன்னொரு கால் முன்கட்டை ரெயிலிலும் வரும்படி யாரும் வைப்பதில்லை. இரண்டும் தனித்தனித் துண்டு, முன்கட்டையை அழுத்திப் பிடித்தாலே லேசாக வளையும். விளக்கும் பைபாடும் முன்னால், ஸ்கோப் முழுக்க உடல்பகுதியில்.

என் கதைக்கு வருகிறேன். ஸ்டாப் பின் வைத்த ஒற்றைத்துண்டு மவுண்ட் வாங்கினேன். ரெயிலையும் தாடையையும் தின்னர் போட்டு எண்ணெய்ப் பசை போகத் துடைத்தேன். ஸ்டாப் பின் அதன் குழியில் இறங்கிவிட்டதா என்று கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன், அப்புறம்தான் தாடை. ரிங் ஸ்க்ரூக்களை ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், கார் டயர் நட்டு மாதிரி எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக. டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) இருந்தால் பெரும்பாலான ரிங்குக்கு 15 முதல் 20 இஞ்ச்-பவுண்டு என்பார்கள். இல்லாதவர்கள் ஆலன் கீயின் குட்டைக் கையை இரண்டு விரலால் திருப்பினால் போதும், பைப் வேண்டவே வேண்டாம். ஸ்க்ரூ கழலாமல் இருக்க மரையில் பசை போடுவதானால் நீல நிறத்தது. சிவப்பு போட்டால் கழற்ற மறுபடி கணபதிக்குப் போக வேண்டிவரும்.

கடைசியாக, மவுண்டும் ரெயிலும் சேரும் இடத்தில் என் மகளின் நெயில் பாலிஷில் குறுக்கே ஒரு கோடு போட்டேன். ரோஸ் கலர், மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார். இரண்டு டப்பா பெல்லெட் தீர்ந்திருக்கிறது, கோடு இன்னும் ஒரே நேர்கோடாகத்தான் இருக்கிறது. அந்த 20 எம்எம் ரிங் ஜோடி புதுசாக அப்படியே மேசை டிராயரில் கிடக்கிறது, கோயம்புத்தூரில் யாருக்காவது ஆகும் என்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வரும்போது உங்கள் ரெயிலை அளந்துவிட்டு வாருங்கள்.