இதுல நான் எங்கப்பா நிக்கிறேன்?

ஒரு பார்க்கை மாத்திக் கட்டுறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கிறவங்ககிட்ட கருத்து கேக்குற வேலை எங்க டீமுக்கு வந்துச்சு. டிசைன் பண்றவங்க ஆச்சே, சும்மா இருப்போமா, 22 கேள்வி வச்சு ஒரு ஆன்லைன் ஃபார்ம், கலர், ஐகான் எல்லாம் பக்கா. ரெண்டு வாரத்துல வந்த பதில எண்ண கைவிரலே போதும், அதுலயும் ரெண்டு எங்க ஆபீஸ் ஆளுங்க போட்டது.

அப்புறம்தான் மேப்ப பெருசா பிரிண்ட் எடுத்து பார்க் வாசல்ல மேசை போட்டு விரிச்சோம், கூட நாலு ஸ்கெட்ச் பேனா. அரை மணி நேரத்துல ரெண்டு பேனாவ காணோம், மிச்சத்த நூல்ல கட்டி மேசையோட மாட்டுனோம் (இதுவும் டிசைன்தான், சிரிக்காதீங்க). வயசான ஒரு அம்மா வந்தாங்க, கண்ணாடிய ஏத்தி இறக்கி பாத்தாங்க, மேசைக்கு அந்தப் பக்கம் போய் தலைகீழாவும் பாத்துட்டு, "இதுல நான் எங்கப்பா நிக்கிறேன்?"னாங்க. வடக்கு மேல வரணும்னு பாத்துப் பாத்து வரைஞ்ச எங்களுக்கு இது தோணவே இல்ல. ஒரு சிவப்பு ஸ்டிக்கர ஒட்டிக் காமிச்சோம். உடனே பேனாவ எடுத்து அந்தப் புள்ளியில இருந்து புல்லுக்கு நடுவுல குறுக்கால ஒரு கோடு இழுத்தாங்க, "படி ஏற முடியல, நான் இப்படித்தான் போவேன்." எங்க மேப்புல அந்தப் பாதையே கிடையாது.

மேப்புல விட்டுப் போறது எங்ககிட்ட மட்டும் இல்ல. கென்யாவுல, நைரோபியில கிபெரான்னு பெரிய குடிசைப் பகுதி, அவ்ளோ பேர் வாழ்ற இடம் மேப்புல வெறும் காலியா கெடந்துச்சு. 2009ல அங்க இருக்கிற பசங்களே ஜிபிஎஸ் கருவியோட சந்து சந்தா நடந்து தண்ணி புடிக்கிற இடம், கழிப்பறை, கிளினிக்னு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்புல (யார் வேணா திருத்தக்கூடிய ஆன்லைன் மேப்) ஏத்துனாங்க. டெக்னாலஜி இப்படி உள்ளூர்க்காரங்க கையில இருக்கும்போதுதான் எனக்கு அது மேல நம்பிக்கை வருது.

அதே மாதிரி கேண்டி சாங்னு ஒரு கலைஞர். 2011ல அமெரிக்காவுல, நியூ ஆர்லியன்ஸ்ல பாழடைஞ்ச ஒரு வீட்டுச் செவுத்துல கரும்பலகை பெயின்ட் அடிச்சு, 'நான் சாகுறதுக்குள்ள'ன்னு தொடங்குற பாதி வாக்கியத்த ஸ்டென்சில்ல வரிவரியா போட்டு சாக்பீஸையும் வச்சிட்டாங்க, மறுநாளே செவுரு நெறஞ்சிடுச்சு. ஓவியம்னு பாத்தா அதுல ஒண்ணுமே இல்ல, விட்டு வச்ச அந்தக் காலி இடம்தான் மொத்த விஷயமும். கூடவே நமக்கு முன்னாடி வந்தவன் என்ன எழுதிட்டுப் போனான்னு படிக்கலாம், ஃபார்ம்ல அந்த ருசி எங்க இருக்கு?

2013ல இங்கிலாந்துல, பிரிஸ்டல் நகரத்துல 'ஹலோ லேம்ப் போஸ்ட்'னு ஒண்ணு பண்ணாங்க. தெருவிளக்குல பராமரிப்புக்காக ஏற்கனவே ஒரு நம்பர் இருக்கும்ல, அத எஸ்எம்எஸ்ல அனுப்புனா விளக்கே நம்மகிட்ட கேள்வி கேக்கும், அங்க மத்தவங்க என்ன சொன்னாங்கன்னும் சொல்லும். ஆப் இறக்குற வேலையே இல்ல! எவ்ளோ கம்மியா சேத்திருக்காங்க பாருங்க, எனக்குப் பொறாமையா இருக்கு.

ஆனா ஒண்ணு. மக்கள் பங்கேற்பு பத்தி எழுதுன அமெரிக்கக்காரங்க ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969லயே அத 8 படி ஏணியா வரைஞ்சு, கருத்து கேக்குறத 4வது படியில வச்சாங்க, கேட்டத செய்வோம்னு உறுதி இல்லன்னா அது வெறும் கண்துடைப்புன்னு. அப்போ படிச்சப்ப ரொம்ப கடுமையா இருக்கேன்னு நெனச்சேன்.

எங்க மேப் ஸ்கேன் ஆகி ரிப்போர்ட்டோட பின்னிணைப்புல போச்சு. சில மாசம் கழிச்சு வேற வேலையா அந்தப் பக்கம் போனப்ப அந்தம்மா என்ன அடையாளம் கண்டுபிடிச்சுட்டாங்க, "நான் போட்ட கோடு என்னாச்சு தம்பி?" படியில கைப்பிடிக்கு மட்டும் புதுசா பெயின்ட் அடிச்சிருந்தாங்க, நான் அதையே பாத்துட்டு நின்னேன்.